காலி வாளி

...இருபத்தொரு நாளும் பூச்சியமா, இஃது எங்ஙனம் நடக்கும், மற்றப் பதினொரு பள்ளிகளிலும் மாலைச் சிற்றுண்டி முடிந்து மிச்ச வாளியைத் தராசில் வைத்தால் வெந்த கடலையும் கேரட்டுமாக இரண்டு கிலோ, மூன்று கிலோ தேறுகிறதே, இந்த ஒரு பள்ளியில் மட்டும் துடைத்து வைத்தாற்போல் வாளி திரும்பினால் யார் காதில் பூச்சுற்றுகிறாள் இந்தச் சமையற்காரி? வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறாள், வேறென்ன... அல்லது பின்புறச் சாக்கடையில் கொட்டுகிறாளோ? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சாமான் அறைக் கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து நின்றாள் சத்துணவு மேற்பார்வைக்காரி. தனக்குத் ‘தராசம்மா’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும், வைத்தவள் இவளாகத்தான் இருக்கவேண்டும். வெங்காய மூட்டையின் நெடி மூக்கை அரித்தது, தும்மல் வந்தால் குட்டு உடைந்துவிடும்... அதோ, மடியிலிருந்து ஏதோ பொட்டலத்தை எடுக்கிறாளே, அண்டாவுக்குள் தூவுகிறாளே, என்ன பொடி அது, பிள்ளைகள் தின்னும் பண்டமாயிற்றே!

“அக்கா, எனக்கு இன்னொரு கரண்டி!” என்றது இரட்டைச் சடைக்காரி ஒன்று. “இருடி, ரயிலா போயிடும்? பின்னால நிக்கிறவங்க வயிறு வயிறில்லையா?” அதற்குமேல் தராசம்மாவுக்குப் பொறுக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கினாள். உப்பு. வெறும் உப்பு, பக்கத்தில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகள். “உப்பு கூடாதுன்னு சுவர்ல எழுதி ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?” “தெரியுதும்மா. ஒரு சிட்டிகைதான். நீங்க அந்த வெறும் கடலையை ஒருநாளாவது வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா?” என்ன துணிச்சல், ஒரு வரி எழுதினால் நாளை முதல் இவளுக்கு வேலையில்லை, அது தெரிந்தும் கரண்டியைக் கீழே வைக்காமல் நிற்கிறாளே... ஆயினும், பார்த்திருக்கிறேனா? பட்டியல் போட்டவள் நான், சத்தைக் கணக்கிட்டவள் நான், எஞ்சியதை நாள்தோறும் நிறுத்தவள் நான், ஒரு கடலையையேனும் தின்றவள் நானல்லவே. தூவாத மூலையிலிருந்து நான்கைந்தை அள்ளி வாயிலிட்டாள். மண்ணை மென்றாற்போல் இருந்தது. தொண்டையில் இறங்க மறுத்தது. பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தன, துப்பவும் வழியில்லை.

படிவத்தை விரித்தாள், மிச்சம் என்ற கட்டத்தில் பூச்சியம் என்று எழுதினாள், அது பொய்யன்று, உப்புக்கென்று படிவத்தில் கட்டமில்லை, குறிப்பு என்ற கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. எழுதலாமா? சமையற்காரி அண்டாவைத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள், ஆனால் காது இங்கேதான் இருந்தது. இதே உப்பில்லாக் கடலையைத்தானே காலைதோறும் என் மகளின் நீலப் பெட்டியில் அடைத்தனுப்புகிறேன், மாலைதோறும் காலியாகத்தானே வருகிறது, “பாத்தீங்களா, எம்பொண்ணு ஒண்ணுகூட விடமாட்டா” என்று அவள் அப்பாவிடம் எத்தனை நாள் பெருமையடித்திருப்பேன்... வெறும் காலியா? இல்லை, ஈரம் காயாமல், கழுவியல்லவா வருகிறது. தின்ற தட்டை எடுத்து வைக்கவே நாலு தடவை சொல்லவேண்டிய ஒன்பது வயதுப் பெண், பள்ளிக் குழாயில் நின்று பெட்டியை ஏன் கழுவுகிறாள்? பேனா குறிப்புக் கட்டத்தின்மேல் நின்றது. அவள் அப்பா... பெருமையடித்த போதெல்லாம் செய்தித்தாளை ஏன் முகம் மறைய அவ்வளவு உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்?