அலமாரி அக்டோபரில் திறக்கும்

ஜேனுக்கு உடுப்பிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விலங்கியல் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தபோது, மைசூரில் அவளைவிட அதிகம் பரபரப்பானவர் அவள் நாத்தனாரின் கணவர் ரொனால்ட். ஜேனுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருடங்களாக ஒரு தனியார் கல்லூரியில் கரப்பான்பூச்சியின் உணவு மண்டலத்தை நடத்தி நடத்தி, கரப்பான்பூச்சிக்கே அவள்மேல் சலிப்பு வந்திருக்கும். இந்த வயதில் ஒருவர் கூப்பிட்டு வேலை கொடுப்பதே பெரிது. அதுவும் கடலிலிருந்து ஆறு கிலோமீட்டரில். அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

அவள் கணவன் பிரகாசம் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். அந்த மார்ச்சில்தான் விருப்ப ஓய்வு வாங்கியிருந்தான். மகள் பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்தாள். ஆகவே மனைவியோடு புறப்படுவதில் அவனுக்குத் தடை எதுவும் இல்லை, ஒரு கேள்வியைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார்.

"ஜேன் காலேஜுக்குப் போயிடுவா. நீங்க அங்க என்ன பண்ணுவீங்க?"

இரண்டு வாரம் பிரகாசம் சிரித்து மழுப்பினான். மூன்றாவது வாரம், "போற ஊரப் பத்தி ஸ்டடி பண்ணிட்டிருக்கேன்" என்றான். சொல்லிவிட்டதால் செய்தாக வேண்டியதாயிற்று. நேராக ரொனால்டின் வீட்டுக்குப் போனான், ஜேனையும் இழுத்துக்கொண்டு.

ரொனால்ட் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். உலகத்தில் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று சொல்லக்கூடியவர். கடற்கரைப் பக்கம் என்றதும் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"கேளு மச்சான். அங்க எல்லாரும் துளு பேசுவாங்க. நீ கன்னடத்துல ஆரம்பிச்சா கன்னடத்துக்கு வந்துடுவாங்க. ஆனா நம்ம மைசூர் கன்னடம் அங்க ரவுடி பாஷை. அவங்க கன்னடம் பாடபுஸ்தகம் மாதிரி இருக்கும். மரியாதையா பேசணும், ஹௌதா, சரியா?"

"சரி அத்தான்."

"மீன்காரம்மாகிட்ட பேரம் பேசாத, மீனே குடுக்க மாட்டா. ஆட்டோக்காரர்கிட்டயும் பேசாத, அவர் மீட்டர்லதான் வருவார், நீதான் வெக்கப்படணும். முக்கியமானது என்னன்னா, இரும்பு எதையும் கொண்டுபோகாத. உப்புக் காத்து. பீரோ ரெண்டே வருஷத்துல சல்லடை ஆயிடும். மரந்தான் நிக்கும். அந்தத் தேக்கு அலமாரிய எடுத்துட்டுப் போ."

தேக்கு அலமாரி ரொனால்ட் கொடுத்த கல்யாணப் பரிசு. தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் வாங்கி, நான்கு பேரைத் தள்ளவிட்டு, கைவண்டியில் ஊரே பார்க்கக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இரண்டு கதவு, ஒரு ஆளுயரக் கண்ணாடி, உச்சியில் செதுக்கிய இரண்டு மயில். அவற்றில் ஒன்று வாத்து மாதிரி இருக்கும். பத்தொன்பது வருடமாக ஜேன் அதை ஒழித்துக்கட்டச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அங்க எத்தன வருஷம் இருந்தீங்கண்ணே?" என்று கேட்டாள்.

"ஆறு வருஷம் தங்கச்சி. அந்த லைன் முழுக்க நான்தான்."

ஆறு வருடம் இருந்தவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? ஜேனின் அம்மா வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோ வீணாகத் துருப்பிடிக்க வேண்டாம், தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ரொனால்ட் பெருந்தன்மையோடு சொன்னார். மறுநாள் காலையே டெம்போவோடு வந்து அதை ஏற்றிக்கொண்டும் போனார்.

மே கடைசியில் லாரி மடிக்கேரி வழியாக மலை இறங்கியது. வாடகை வீட்டின் மாடியில் அதன் உரிமையாளர் வாரிஜா ஷெட்டி இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அலமாரி ஆறு பேரின் முனகலோடு உள்ளே போவதைப் படியில் நின்று பார்த்துவிட்டு, கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: "தாங்கள் வந்ததில் மிக்க மகிழ்ச்சி. அந்த அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். மழைக்கு முன்பு, ஈரம் தங்காதிருக்க, அதற்குள் ஒரு பல்பும் பொருத்திவிடுங்கள்."

பிரகாசம் பூரித்துப்போனான். "பாத்தியா, அத்தான் சொன்ன மாதிரியே புஸ்தகக் கன்னடம்" என்று ஜேனின் காதில் சொன்னான். அந்தப் பூரிப்பில் வாரிஜா ஷெட்டி சொன்ன விஷயம் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. அலமாரி ஆடியதால் அதைச் சுவரோடு இறுக்கி வைத்தான். வலது பக்கக் கதவுக்குள் ஜேனின் சான்றிதழ் ஃபைலையும் தன் ஒரே கோட்டையும் வைத்துப் பூட்டினான். அன்றாடத் துணிகள் பிளாஸ்டிக் கூடைகளில் இருந்தன.

ஜூன் ஆறாம் தேதி மழை பிடித்தது. மைசூர்க்காரர்களுக்கு மழை என்றால் சாயந்திரம் வந்து, பவர்கட் செய்துவிட்டு, எட்டு மணிக்குப் போய்விடும் விருந்தாளி. இது பெட்டி படுக்கையோடு வந்திருந்தது. ஒரு வாரத்தில் உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராய் நின்றது. பிரகாசத்தின் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூனைமுடி முளைத்தது. தொழிற்சாலையில் போட்ட கறுப்பு ஷூவுக்குள் முளைத்ததை ஜேன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "ரொம்ப நல்லா வளர்ந்திருக்கு" என்றாள்.

பணியில் சேரும் நாள் ஜூலை முதல் தேதி. காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்று கடிதம் சொன்னது. முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜேன் அலமாரியின் வலது கதவில் சாவியைப் போட்டாள். சாவி திரும்பியது. கதவு அசையவில்லை.

பிரகாசம் இழுத்துப் பார்த்தான். ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தான். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. மூன்று வார ஈரத்தில் மரம் ஊறி, இரண்டு கதவும் சட்டமும் ஒரே பலகையாகிவிட்டிருந்தன.

வாரிஜா ஷெட்டி இறங்கி வந்து பார்த்தார். "பல்பு பொருத்தினீர்களா?" என்றார். "எந்தப் பல்பு?" என்று பிரகாசம் கேட்டதிலிருந்து புரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஆச்சாரிக்கு ஃபோன் போட்டார்.

ஆச்சாரி ஐந்து மணிக்குக் குடையோடு வந்தார். கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். குடையை மறுபடி விரித்தார்.

"அக்டோபர்ல தானா திறக்கும் மார்ரே" என்றார். அந்தப் பக்கத்தில் எல்லோரையும் மார்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், திட்டும்போதும்.

"எனக்கு நாளைக்குப் பத்து மணிக்கு வேணும்" என்றாள் ஜேன்.

"மரத்துக்கு அது தெரியாதே."

பிரகாசம் வராந்தாவுக்குப் போய் ரொனால்டுக்கு ஃபோன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டது அவன் தவறு.

"அத்தான், மழக்காலத்துல அலமாரிக் கதவெல்லாம் எப்படித் தொறப்பீங்க?"

ரொனால்ட், "மழையில நான் போனதில்ல மச்சான்" என்றார்.

"ஆறு வருஷத்துலயுமா?"

"ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கம்பெனி அந்த லைனுக்கு ஆளே அனுப்பாது. பிஸ்கட் நமுத்துடும் பாரு. மத்த மாசத்துல ரெண்டு ரெண்டு நாள் போவேன். லாட்ஜுதான். நல்ல லாட்ஜு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஜேன். உள்ளே போய் அலமாரியின் ஒரு பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். ஆச்சாரி குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகொடுத்தார். அலமாரி ஒரு முழம் நகர்ந்து திரும்பியது. அதன் முதுகை அவர்கள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். கறுத்துப்போன மெல்லிய பலகை, சுற்றிலும் சின்ன ஆணிகள்.

"இதக் கழட்டலாமா?" என்றாள்.

"வேணாம் ஜேன்" என்றான் பிரகாசம். "தேக்கு. ஒரு தடவ பிரிச்சா அப்புறம் சேராது."

ஆச்சாரி பின்பக்கச் சட்டத்தின் ஓரத்தை உளியால் மெதுவாகச் சுரண்டினார். மேல்பூச்சு போன இடத்தை முகர்ந்தார். "யார் சொன்னது தேக்குன்னு? குடகுல காப்பித் தோட்டத்துல நிழலுக்கு நடுவாங்களே, சில்வர் ஓக். பாலிஷ்தான் தேக்கு."

தரப் பரிசோதனையில் இருந்தவன் வீட்டில், பத்தொன்பது வருடமாக, தினமும் தலைவாரும் கண்ணாடிக்குப் பின்னால் இது நின்றிருந்தது. பிரகாசம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ஜேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாரிஜா ஷெட்டியும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஜேனே சுத்தியலை வாங்கி முதல் ஆணியை நெம்பினாள். பதினைந்து நிமிடத்தில் முதுகுப் பலகை முழுசாக வந்துவிட்டது. ஃபைல் கைக்கு வந்தது. கோட்டும் வந்தது, முளைத்த தாடியோடு.

எல்லோரும் போன பிறகு ஜேன் மார்க்‌ஷீட்டுகளை ஒவ்வொன்றாக மின்விசிறியின் கீழே பரப்பினாள். பிரகாசம் அவற்றின்மேல் ஸ்பூன்களை வைத்துக்கொண்டே வந்தான், பறக்காமல் இருக்க.

"நான் ஸ்டடி பண்ணி இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்தேன் பாரு" என்றான்.

"யார் உங்கள ஸ்டடி பண்ணச் சொன்னா?"

"உன் ஊருக்கு வர்றேன். கையில ஒண்ணும் இல்லாம வர்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

ஜேன் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்‌ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கணக்குப் பாடத்தின்மேல் சாம்பல் நிறத்தில் வட்டமாகப் பூஞ்சை. "எனக்கும் இது என் ஊர் இல்லங்க" என்றாள். "நானும் பயந்துட்டுத்தான் வந்தேன். நீங்க தைரியமா பேசிட்டே இருந்தீங்களா, சரி, ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியல."

"இப்பத் தெரியுது."

மறுநாள் காலை அலுவலகத்தில் சான்றிதழ் பார்ப்பவர் ஒல்லியான மனிதர். மேஜையில் முத்திரை, மை, மடித்த மஞ்சள் துணி. ஜேன் தயங்கித் தயங்கி ஃபைலை நீட்டினாள். முந்தின இரவே ஒரு விளக்கம் யோசித்து வைத்திருந்தாள். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. மஞ்சள் துணியை எடுத்துக் கணக்குப் பாடத்தை லேசாகத் துடைத்தார், எண்ணைப் படித்தார், முத்திரை குத்தினார். அடுத்த காகிதத்தையும் அப்படியே துடைத்தார்.

"ஜூன், ஜூலையில் சேருகிற எல்லோருடையதும் இப்படித்தான் இருக்கும்" என்றார். "சென்ற வருடம் ஒருவருடைய முனைவர் பட்டத்தில் காளான் இருந்தது. தங்களுடையது பரவாயில்லை."

பிரகாசம் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தான். இரண்டு குடையில் ஒன்றைக் காற்று புரட்டிப் போட்டிருந்தது. மற்றதை ஜேனின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவனுடைய வலது தோள் முழுக்க நனைந்தது. கேன்டீனில் நீர்தோசையும் மீன் குழம்பும் இருந்தன. காலை பதினொரு மணிக்கு மீன் சாப்பிடலாமா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுற்றியிருந்த எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் உட்கார்ந்து ஆளுக்கு நான்கு தோசை சொன்னார்கள்.