தேவதைக்குக் கட்டிய இடுப்பு வார்

அசுந்தா இன்றைக்கும் கனவில் பறக்கிறாள். மாதா திருவிழாவில், மணிக்கூண்டுக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் இடையே கட்டிய கயிற்றில் தேவதை வேஷத்தில் ஆறு வயதில் பறந்தாளே, அதே பறத்தல். கீழே ஊரே அண்ணாந்து நிற்கிறது. அவள் தூவிய மஞ்சள் பூக்கள் தரைக்குப் போக மனமில்லாமல் அவளோடு மிதந்து வருகின்றன. கனவில் அவளுக்கு எடையே இல்லை.

விழித்தால் உண்டு. அவளுடைய மலையூரில் தேவதையாகப் பறக்கக் கொழுகொழு குழந்தையாகத் தேடிப் பிடிப்பார்கள். கோயில் கூரையில் வரைந்திருக்கும் தேவதைகள் அப்படித்தானாம். அசுந்தாவின் கன்னத்தைக் கிள்ளி மாய்ந்து மாய்ந்து கொஞ்சியவர்கள், அவளுக்குப் பன்னிரண்டு வயதானதும் அதே வாயால் குண்டம்மா என்றார்கள். நல்ல ஊர், நல்ல வாய்! அந்தச் சதை அவளை விட்டுப் போகவேயில்லை.

இந்த வருஷம் அவள் மகள் மிரெல்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மகளும் தன்னைப் போல ஆகிவிடுவாளோ என்று அசுந்தா டாக்டரிடம் ஓடினாள். சின்ன வயதில் குண்டாக இருக்கும் பிள்ளைகள் பெரியவர்களானாலும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்தான், ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, நன்றாக ஓடியாடட்டும், பட்டினி மட்டும் போட்டுவிடாதே என்றார் அவர். அசுந்தாவின் காதில் ஏறியது முதல் பாதிதான். அன்றிலிருந்து மகளின் தட்டில் பாஸ்தா பாதியாயிற்று. ஒவ்வொரு வாய்க்கும் அம்மாவின் பார்வை கூடவே போயிற்று. தான் பட்ட பாட்டை மகள் படக்கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பறக்கவே விடவேண்டாம் என்றும் நினைத்தாள். மிரெல்லா அழுத அழுகையில் அது மட்டும் நடக்கவில்லை.

திருவிழாக் காலையில், மணிக்கூண்டின் மேலே, அசுந்தா பக்கத்தில் நிற்க, கயிறு கட்டும் வீத்தோ குழந்தையின் இடுப்பில் தோல் வாரைச் சுற்றினார். இறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி இறுக்கினார். கீழே வாத்தியம் தொடங்கிவிட்டது. இளவெயிலில் கூரைகளெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடப்பது போலிருந்தன.

"ஏண்டி தங்கம், வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறே? மூச்ச விடு. இப்பிடியே கட்டினா அந்தரத்துல மூச்சு முட்டும்," என்றார் வீத்தோ.

மிரெல்லா விடவில்லை. முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"விட்டா அம்மாவுக்குப் பிடிக்காது."

அசுந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிலிருந்து மகளைக் காப்பாற்ற நினைத்தாளோ, அதைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டிருந்தாள். சின்ன வயதில் அவளையாவது ஊர் பன்னிரண்டு வயது வரை விட்டுவைத்திருந்தது; மகளை அவள் அதுவரைகூட விடவில்லை.

மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள். "விடு கண்ணு. அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன். உன் வயிறு எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"நெஜமாவா?"

"நெஜமா."

குழந்தை அம்மாவின் இடுப்பையே பார்த்தது.

"அப்போ நீயும் விடு."

இத்தனை வருஷமாக எக்கிப் பிடித்திருந்த வயிற்றை, வீத்தோ பார்க்கப் பார்க்க, அசுந்தா விட்டாள். அதற்கப்புறம்தான் மிரெல்லாவும் விட்டாள். வீத்தோ வாரை ஒரு துளை தள்ளிக் கட்டினார். கயிறு நகர்ந்தது. உருண்டை வயிறு முன்னே போக, அவள் வெயிலுக்குள் மிதந்து போனாள்.