தேவிகா வீட்டு மாடியில் இங்கிலீஷ் சண்டை

“யூ நெவர் லிசன்!”

“பிகாஸ் யூ நெவர் ஸ்டாப்!”

“ஐ வில் ஸ்டாப் இஃப் யூ கோ!”

எதிர்வீட்டு மாடியில் இப்படிக் குரல் ஏறியபோது நான் இட்லி மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். பெண் குரல் என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் முனீஸ்வரியுடையது. மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஒன்று என்றால் அவள் அம்மா முத்துத்தாய்க்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் முனிச்சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மாடியில் முனீஸ்வரி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். எதிரே அருள்பாண்டி, அலங்காநல்லூர்க்காரன், வெளிநாட்டுக்காரர்களைக் காரில் ஏற்றிக் கோயிலும் மகாலும் சுற்றிக்காட்டுகிறவன். அவன் மூஞ்சி சிவந்திருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டு, பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டு, கச்சேரி கேட்கிற முகத்தோடு இங்கிலீஷ் டீச்சர் தேவிகா.

“என்னடி தேவிகா, அடிச்சுக்கப் போறாங்க, பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?”

“பாடம்க்கா இது. இவங்க ரெண்டு பேருக்கும் சண்டை போட்டாத்தான் வாயில வினைச்சொல் ஒண்ணோட ஒண்ணு சேருது.”

தேவிகா சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், மாடியில் இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே குரல்தான், மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அன்று எனக்கும் பாடம் நடத்தினாள்.

“நீங்க ‘வந்து உக்காந்து சாப்ட்டுட்டுப் போனான்’னு சொல்றீங்கல்ல? நம்ம வினைக்கு வால்லயே கொக்கி இருக்குக்கா. இங்கிலீஷ் வினை ரயில் பெட்டி மாதிரி தனித்தனியா நிக்கும். அண்ட், பட், பிகாஸ், பிஃபோர், அன்டில்னு கொக்கியத் தனியா மாட்டணும். ‘தென்’ போட்டாத்தான் எது பின்னால வருதுன்னு தெரியும், ‘ஸ்லோலி’ போட்டாத்தான் எப்படி வருதுன்னு தெரியும். இதுங்க ரெண்டும் பெட்டிய மட்டும் கொண்டாந்து நிறுத்துதுங்க.”

உண்மைதான். அருள்பாண்டி போன சித்திரையில் ஒரு பிரான்ஸ்காரரிடம் “ஷூ ரிமூவ். டெம்பிள் வாக்” என்று இரண்டு பெட்டியைத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறான். அந்த மனுஷர் காரிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உச்சி வெயிலில், கோயிலுக்குள் இருக்கிற ஆடி வீதியைக்கூட இல்லை, வெளியே மாசி வீதி நாலையும் வெறுங்காலோடு சுற்றி முடித்தார். பிரார்த்தனை என்று நினைத்து இரண்டு பேர் அவரைக் கும்பிட்டார்களாம்.

முனீஸ்வரி கதை சிரிக்கிற மாதிரி இல்லை. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு லேப்டாப்பில் இரண்டு தடவை நேர்முகம் வைத்தார்கள். “நோயாளி இப்படிச் செய்தால் நீ என்ன செய்வாய்?” என்று கேட்டதும் இரண்டு தடவையும் “பேஷன்ட் கம். ஐ சீ” என்பதோடு வாய் பூட்டிக்கொண்டது. கையில் அவ்வளவு வேலை தெரிந்த பிள்ளை! மூன்றாவதுதான் கடைசி என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், வாடிப்பட்டி மாப்பிள்ளை தயாராக இருக்கிறார் என்பது முத்துத்தாயின் உத்தரவு.

அதனால் தேவிகா சட்டம் போட்டாள். தினம் சாயங்காலம் ஆறு மணிக்குச் சண்டை. ஒருவர் சொன்னதோடு கொக்கி மாட்டித்தான் அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். கொக்கி இல்லாமல் பேசுகிறவர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். முதல் மாதம் எனக்கும் சேர்த்து நிறையப் பருத்திப்பால் வந்தது. சண்டைக்கு விஷயமா பஞ்சம்? அவன் காரை என் வாசலை அடைத்து நிறுத்துவது, இவள் தாமதமாக வருவது, அவன் போனில் கத்துவது, இவள் முறைப்பது.

படியிறங்கியதும் தமிழ்.

“அண்ணே, வண்டிய எடுங்க, அக்கா வாசலைப் பெருக்கணுமாம்.”

“இந்தா எடுக்குறேன் சிஸ்டர்.”

மேலே அடித்துக்கொள்ளும், கீழே அண்ணன் தங்கை. இப்படியே இரண்டு மாதம் போயிற்று. அப்புறம் ஒருநாள் கவனித்தேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் தப்பாது. மாடியில் பேசுகிற இங்கிலீஷில் அண்ணேவுக்கு இடமே இல்லை, எல்லாம் ‘யூ’தான். கீழே வந்தும் அந்த அண்ணேவைக் காணோம். “வண்டிய எடுங்க” என்கிறாள், அவ்வளவுதான். அவனும் சிஸ்டரை விழுங்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுக்கிறான்.

அந்த வாரம் முத்துத்தாய் போன் செய்தாள். “ஏங்க்கா, புள்ள வாரா வாரம் வீட்டுக்கு வரும். இப்ப வாரேன் வாரேன்னு வரவே மாட்டேங்குது. அங்க பயலுக எவன்கூடயும் பேச்சுவார்த்தை இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க.”

“அட நீ ஒண்ணு! படிக்கிற இடத்துல ஒரு பய இருக்கான். அவன்கூடத் தினமும் சண்டை. இப்ப அண்ணேன்னுகூடக் கூப்பிடுறதில்ல, அம்புட்டுக் கோவம்!”

முத்துத்தாய்க்கு நிம்மதி. எனக்கும் ஒரு தாயை நிம்மதியாகத் தூங்க வைத்த திருப்தி.

நேர்முகம் ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு. என் பின்னறையில் நெட் விட்டு விட்டு வரும் என்பதால் தேவிகா மாடியில் லேப்டாப்பை வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முனீஸ்வரியைக் கூட்டி வந்தது அருள்பாண்டியின் கார். நான் காப்பி கொண்டு போனேன். யாராவது காப்பி கொண்டு போக வேண்டுமல்லவா?

திரையில் மூன்று பேர். பெயர், ஊர், படிப்பு எல்லாம் சரியாகப் போனது. பிறகு நடுவில் இருந்த வெள்ளை முடிக்காரம்மா கேட்டார். நோயாளி மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அர்த்தமாம், தேவிகா என் காதில் சொன்னாள்.

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். “பேஷன்ட்...” என்றாள். நின்றுவிட்டாள். கழுத்தில் வியர்வை கோடு போட்டது. தேவிகா பேனாவை அமுக்கக்கூட மறந்துவிட்டாள். பத்து வினாடி இருக்கும், எனக்கு வாடிப்பட்டியே கண்ணில் தெரிந்தது.

லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற அருள்பாண்டி என் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பிடுங்கினான். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், சீ என்று தள்ளி, வாயை இறுக்க மூடிக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அச்சு அசல் அடம்பிடிக்கிற கிழவன்.

முனீஸ்வரிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“இஃப் யூ டோன்ட் ஸ்வாலோ நவ், யூ வில் ஃபால் பிஃபோர் யூ ரீச் தி பாத்ரூம்! தென் ஐ வில் லிஃப்ட் யூ, பட் ஐ வில் நாட் ஸ்மைல்!”

இப்போது விழுங்காவிட்டால் பாத்ரூம் போவதற்குள் விழுவாய், அப்புறம் நான்தான் தூக்குவேன், ஆனால் சிரிக்க மாட்டேன். தேவிகா விரல் விட்டுக் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அருள்பாண்டி டம்ளரை வாயில் வைத்தான். முனீஸ்வரியின் குரல் இறங்கியது. “ட்ரிங்க் ஸ்லோலி. ஐ வில் வெயிட் அன்டில் யூ ஃபினிஷ்.”

மெதுவாகக் குடி, நீ முடிக்கும்வரை காத்திருக்கிறேன். அவன் மெதுவாகத்தான் குடித்தான், முழு டம்ளரையும், கண்ணை எடுக்காமல். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். திரையில் வெள்ளை முடிக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தடுத்த கேள்விகளுக்கு முனீஸ்வரி நிறுத்தவே இல்லை.

பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது. கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்கு அருள்பாண்டி காரிலேயே போனாள். முத்துத்தாயும் நானும் பின்சீட்டில். முனீஸ்வரி முன்சீட்டில் ஏறியது எனக்கு உறைக்க விளக்குத்தூண் தாண்ட வேண்டியிருந்தது. முத்துத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கதானக்கா தினமும் சண்டைன்னு சொன்னீக?”

“சண்டைதான்த்தா. நான் கண்ணால பாத்தேன்.”

“அண்ணேன்னு கூப்பிடுறதில்லன்னு சொன்னப்பவாச்சும் எனக்குப் புத்தி வந்திருக்கணும்” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்துத் தை மாதம் மேலூரில் கல்யாணம். பந்தியில் இருவரும் எதற்கோ இங்கிலீஷில் அடித்துக்கொண்டார்கள், சொந்தக்காரர்கள் பதறினார்கள், தேவிகாவும் நானும் பாயசத்தைக் குடித்தோம். மாப்பிள்ளையும் இப்போது அயர்லாந்தில்தான், பஸ் ஓட்டுகிறான். வாடிப்பட்டிக்காரருக்குத் திண்டுக்கல்லில் வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் அமைந்துவிட்டாள். என் பின்னறைக்குப் பவதாரிணி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளும் சாயங்காலம் மாடிக்குப் போகிறாள். நேற்று அங்கே ஓர் ஆண் குரலோடு அவள் குரலும் ஏறியது. அவள் அம்மா போனில் கேட்டதற்கு, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.