இரண்டரை நொடி

அக்கா வீட்டிலிருந்தபடியே படங்களுக்குச் சப்டைட்டில் எழுதுகிறவள். அன்று மத்தியானம் படக்கம்பெனிக்காரர் போன் செய்து, எழுத்தெல்லாம் இரண்டரை நொடி தாமதமாக வருகிறது என்றார். கதாநாயகி அழுது முடித்து மூக்கையும் துடைத்த பிறகுதான் 'என்னை விட்டுப் போகாதே' என்று வருகிறதாம். மொத்தம் ஆயிரத்து நானூறு வரிகள். ஐந்து மணிக்குள் வராவிட்டால் அடுத்த படம் வேறு ஆளுக்கு.

"நான் பண்ணித் தர்றேன்க்கா" என்றாள் தங்கை. சொன்ன கையோடு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. எதற்கும் இப்படித் தோன்றுவதால் வீட்டில் அவளுக்குப் பெயரே சந்தேகம்.

வரிகளின் நேரங்களையெல்லாம் ஒரே மூச்சில் நகர்த்த, பைதான் என்ற கணினி மொழியில் ஸ்கிரிப்ட் ஒன்றை மாலை வகுப்புக்காக அவள் எழுதியிருந்தாள். அது எடிட்டர் என்கிற, எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளுக்குள்தான் ஓடும். அவள் கணினியில் இருந்த எடிட்டரோ, பைதானா, அது யார் என்று கையை விரித்தது. எடிட்டரின் மூலநிரலை எடுத்து அவளே கம்பைல் செய்து புதிதாக உருவாக்கினால் பைதானையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சோதனை ஓடும். அதில் பைதானுக்கு நேரே 'இல்லை' என்று வந்தது.

நோட்டில் 'முயற்சி ஒன்று' என்று எழுதிக் கோடு போட்டாள். கம்பைலுக்கு வேண்டிய பைதான் கோப்புகள் இல்லைதான், நிறுவினாள். மறுபடியும் 'இல்லை'. பைதான் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். 'இல்லை'. கட்டளையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இல்லை'.

"எத்தனாவது தடவைடி?" எதிர் மேசையிலிருந்து அக்கா கேட்டாள். அவள் நம்பிக்கையிழந்து கையாலேயே திருத்த ஆரம்பித்திருந்தாள்.

"ஆறு."

"நான் இருநூத்திப் பத்து."

நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அக்கா, தங்கையின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அந்த 'இல்லை'க்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள என்னமோ இருக்கே?"

"அது சும்மாக்கா. அதெல்லாம் நான் படிக்கறதில்ல."

"படிக்கறதில்லயா! கதவு தட்டற சத்தம், துப்பாக்கிச் சத்தம், எல்லாம் அதுக்குள்ளதான்டி வரும். அத விட்டா என் பொழப்பு என்னாகறது?" குனிந்து படித்தாள். "ஏற்கெனவே சேமிச்சு வெச்சதுன்னு போட்டிருக்கு. அப்ப இது திரும்பப் போய்ப் பாக்கவே இல்ல. உங்க அத்தான் அலமாரியத் திறக்காமலே சட்டை இல்லைம்பாரே, அதே கதைதான்."

தங்கைக்குக் காது சிவந்தது. முதல் தடவை கிடைத்த பதிலைச் சோதனை ஒரு கோப்பில் போட்டு வைத்து, அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. எதையும் அழித்துப் பழக்கமில்லாத அவளும் அதை அப்படியே விட்டிருந்தாள். கோப்பை அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினாள்.

'ஆம்'.

நாலரைக்குப் புது எடிட்டர் தயார். விரல் பொத்தானைத் தொடும் நேரத்தில் அக்கா அலறினாள்: "இரு, இரு! நான் பண்ணின முந்நூத்திப் பன்னெண்டும் இன்னொரு தடவ நகந்துடுமே!"

"கவலப்படாதக்கா. கை வெக்காத பழைய பிரதி இருக்கு. அதுல ஓட்டிடறேன்."

"அப்ப என்னோடது?"

அக்கா விரல்களைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்கா திருத்திய கோப்பையே எடுத்து, முந்நூற்றுப் பதின்மூன்றாம் வரியிலிருந்து ஆரம்பி என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். அது சரிதானா என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு ஓட்டினாள். கதாநாயகி வாயைத் திறந்தாள். எழுத்தும் கூடவே வந்தது.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கோப்பு போனது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'நன்றாக இருக்கிறது. அடுத்த படம் நாளை வரும். தொண்ணூற்றாறாவது வரி மட்டும் ஒரு நொடி முந்துகிறது.'

"பாத்தியா?" என்றாள் அக்கா. "மெஷின நம்பினா இப்படித்தான்."

"ஆமாக்கா" என்று தங்கை தொண்ணூற்றாறாவது வரியைத் திறந்தாள்.