வலிக்காத கால்

என் வீட்டுக்காரருக்குக் கால் வலி நின்றுபோனதை நினைத்து நான் ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். புருஷனுக்கு வலி போய்விட்டதே என்று பயந்து சாகிற பெண்டாட்டியை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

அவர் பெயர் ராயப்பன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கே வந்து வருஷக்கணக்காகிறது. நான் சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்று நின்று வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்து, ஆறுவேனா என்று அடம்பிடித்தது. "தீயை மிதிச்ச மாதிரி எரியுதுட்டி" என்று பெரிய ஆம்பிளை குழந்தை மாதிரி அழுவார். பார்க்கச் சகிக்காது.

தவக்காலம் தொடங்கியதும் ஔசேப்பு ஸார் வீட்டுக்கு வந்து அந்தக் காலில் கைவைத்து ஜெபித்தார். ஸார்தான் எங்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவர். களமசேரியில் ஏதோ ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தங்கமான மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு பித்துதான் அவருக்கு. வேதத்தில் உள்ளதையெல்லாம் சயின்ஸ்படி நிரூபித்துவிட வேண்டும். நோவா காலத்து வெள்ளத்துக்குச் சேற்றைக் காட்டுவார், செங்கடல் பிளந்ததற்குக் காற்றுக் கணக்குச் சொல்வார், எல்லாவற்றுக்கும் ஸ்லைடு வைத்திருப்பார். "வெறுதே விசுவசிச்சா போரா மோளே, தெளிவு வேணும்" என்பார். சும்மா நம்பினால் போதாதாம்; அவர் பாஷையில் தெளிவு என்றால் ஆதாரம்.

ஜெபித்துக் கொஞ்ச நாளில் எரிச்சல் நின்றது. புண்ணும் மேலே தோல் மூடிக்கொண்டது. ஸார் மிஷின் கொண்டு வந்து விரலில் குத்திப் பார்த்தார், சர்க்கரை இறங்கியிருந்தது. ஒரு நேரக் கஞ்சியோடு நோன்பு இருக்கிற மனுஷனுக்குச் சர்க்கரை எங்கேயிருந்து ஏறும்? அதைக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தார். தோமையார் கோயில் இருக்கிற மலையாற்றூர் மலைக்குச் சிலுவை சுமந்து வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டார். அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், பாரிஷ் ஹாலில் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஸார் ஏற்பாடு செய்தார்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். மத்தியானப் பூசை முடிந்து வெளியே வந்தோம். பங்குனி வெயில். கோயில் முற்றத்துக் கல் அடுப்புக்கல்லாகக் கொதித்தது. செருப்பு கிடந்த இடத்துக்கு எல்லோரும் குதித்துக் குதித்து ஓடினோம். இவர் மட்டும் நடுமுற்றத்தில் நின்று யாரோ ஒரு சேட்டனோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். வலது கால் ஊன்றினது ஊன்றினபடியே இருந்தது.

"சுடலையா உங்களுக்கு?" என்றேன்.

"எங்கட்டி சுடுது! அக்கினியில போட்டாலும் ஆண்டவர் காப்பாத்துவாரு" என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டு மாளவிகா நர்ஸ். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"சேச்சி, வலி ரெண்டு விதமாப் போகும். புண் ஆறியும் போகும், நரம்பு செத்தும் போகும். பாக்காம சொல்ல முடியாது. மலைக்கு மட்டும் விட்டுடாதீங்கோ. கல்லு கிழிச்சாக்கூட அவருக்குத் தெரியாது. விஷம் மேல ஏறித்துன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

அன்றைக்கே காலைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டாமா? காட்டச் சொல்லவில்லை. எனக்குப் பயம். சந்தேகப்பட்டால் கிடைத்த சுகம் திரும்பப் போய்விடும் என்று ஜெபக்கூட்டத்தில் அத்தனை பேரும் சொல்வார்கள். நான் பார்த்து, பார்த்ததனாலேயே புண் திறந்துகொண்டால்? பார்க்காமலே விட்டு அவர் மலையில் விழுந்தால்? ராப்பகலாக இதே நினைப்பு. கோடவுனில் சொத்தைச் சுக்கையும் நல்ல சுக்கையும் ஒன்றாகப் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

கடைசியில் வியாழக்கிழமை காலையில் கேட்டேவிட்டேன். "ஏங்க, காலைக் கொஞ்சம் காட்டுங்க."

"ஆண்டவர் மூடினதை நீ கிளறப் போறியா? தோமையார் மாதிரி சந்தேகப்படாதட்டி."

"அவரு மலைக்குத்தானே போறீங்க? தொட்டுப் பாக்கணும்னு கேட்டவரை ஆண்டவர் அடிச்சா விரட்டினாரு? இந்தா பாருன்னு காயத்தைக் காட்டினாருல்லா? நீங்களும் காட்டுங்க."

அவர் காலைக் கட்டியிருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கண்ணைக் கவனித்தேன். என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.

சாயங்காலம் ஹாலில் நல்ல கூட்டம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். ஸார் சேற்றையும் காற்றையும் காட்டி முடித்துவிட்டு, "இனி ஜீவனுள்ள தெளிவு!" என்று இவரை மேடைக்குக் கூப்பிட்டார். பழைய புண்ணின் போட்டோவைப் பெரிதாக்கி ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுதான் அந்தக் கால்! பாருங்க, எவ்வளவு வேணாலும் மிதிக்கலாம்!" என்று இவர் வலது காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினார். வெள்ளை டைல்ஸில் அவர் போன வழியெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டே வந்தது.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று அலறினாள். "என்டெ ஈசோயே! பஞ்சக்ஷதம்!"

ஆண்டவரின் ஐந்து காயங்கள் ஒரு மனுஷன் உடம்பில் தோன்றுகிற அதிசயத்துக்கு இங்கே அதுதான் பெயர். ஹால் முழுக்க மடமடவென்று முழங்காலில் விழுந்தது. ஔசேப்பு ஸார் கண்ணில் தண்ணீர் கொட்ட, பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். "யாரும் துடைக்க வேண்டா! இது லேபுக்குப் போகணும்!" இவர் குனிந்து ரத்தத்தைப் பார்த்தார். "எனக்கா? ஆண்டவரே, எனக்கா?" என்றார். அவர் முகம் அப்படி ஜொலித்து நான் பார்த்ததே இல்லை.

பயம் போன இடம் தெரியவில்லை. வந்ததே எனக்கு ஆத்திரம்!

"மனுஷனுக்கு ரத்தம் கொட்டுது, கும்பிட்டுக்கிட்டு கிடக்கீங்களே, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா?" என்று மேடையில் ஏறினேன். அவரைப் பிடித்து நாற்காலியில் தள்ளி, தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். பலகையில் படம் குத்துகிற பின் ஒன்று கொண்டைவரைக்கும் ஏறியிருந்தது. அதைச் சுற்றி, புது மினுமினுப்புத் தோலுக்கு அடியில், கருநீலம் படர்ந்திருந்தது. குப்பென்று ஒரு வாடை அடித்தது. நகத்தைக் கொடுத்து நெம்பிப் பின்னைப் பிடுங்கினேன்.

"என்னட்டி, முள்ளா? எடுக்கப் போறியா?" என்றார்.

அந்தப் பின் ஏற்கெனவே என் கையில் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் அதையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஜொலித்த முகம் சாம்பலாகிவிட்டது.

ஔசேப்பு ஸார் மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். கருநீலத்தைப் பார்த்தார், வாடையும் அவருக்கு எட்டியிருக்கும். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "மோளே, ஊசி உண்டோ? மரத்துப்போனது எதுவரைன்னு நோக்கணும். முதல்ல அவன்கிட்ட கண்ணை மூடச் சொல்லு. பார்த்துக்கிட்டிருந்தா அது டெஸ்ட் ஆகாது" என்றார்.

தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் தோளைப் பற்றிக்கொண்டார். "வலிச்சா சொல்லுங்க" என்று சொல்லிப் பெருவிரலில் குத்தினேன். பேச்சில்லை. உள்ளங்காலில் குத்தினேன். குதிகாலில் குத்தினேன்.

"ஏட்டி, ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

ஸார் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். கணுக்காலில் குத்தினேன். ஒன்றுமில்லை. இன்னும் மேலே. ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது, அவர் அசையவில்லை. காலே போய்விட்டதா, முழங்கால்வரை செத்துவிட்டதா? கெண்டைக்கால் சதையில், கண்ணை மூடிக்கொண்டு, வெறி பிடித்தவள் மாதிரி ஓங்கிக் குத்தினேன்.

"அய்யோ அம்மா! கொல்லுதியாட்டி பாவி!" என்று அலறி என் தோளில் ஒரு அறை வைத்தார்.

"இயேசுவே, உமக்கு நன்றி!" என்று ஹால் அதிரக் கத்தினேன். "வலிக்குது! இவருக்கு இங்க வலிக்குது!"