காப்பு கட்டிய கை

ஆத்தாளுக்குக் காப்பு கட்டித் தீமிதித்தால் எப்பேர்ப்பட்ட குடியும் விட்டுப்போகும் என்று சொன்னது கெங்கம்மாளின் அண்ணன் கண்ணையன்தான். மதுவிலக்கில் கள்ளுக்கடை மூடியதும், திண்டிவனத்தில் மேசை நாற்காலிக்கு மெருகு போடும் அவள் புருஷன் சக்கரபாணி, வேலைக்கு வாங்கிய ஸ்பிரிட் கலந்த வார்னிஷையே வடிகட்டிக் குடிக்கப் பழகியிருந்தான். பாழாய்ப் போனவன்!

விழுப்புரத்து டாக்டர் வேறு மாதிரி சொன்னார். "இது வியாதிம்மா. ஒரேயடியா நிறுத்தினா ஒடம்பு தாங்காது. இந்த மருந்தக் குடுத்துக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் விட வைக்கணும்."

புட்டியைத் திறந்தால் குப்பென்று ஸ்பிரிட் வாடை. காப்பு கட்டப்போகிறவன் வாயில் இதையா ஊற்றுவது?

"வியாதியாம், வெங்காயமாம்! மனசு வெச்சா வுட முடியாதா?" என்றான் கண்ணையன். கெங்கம்மாளுக்கும் அதுவே சரியாகப் பட்டது. புட்டியை மூடி வைத்துவிட்டாள்.

மஞ்சள் கயிறு கையில் ஏறியதும் சக்கரபாணி நிஜமாகவே விட்டுவிட்டான். அவள்தான் அவனை விட்டு நகரவில்லையே! ஆனால் தீமிதியன்று காலையிலிருந்தே அவனுக்குக் கை கால் உதறல். வேர்த்துக் கொட்டியது.

"எறும்பு ஊர்துடி, தட்டி வுடு."

எறும்பே இல்லை. அவள் வாசலை மறித்து நின்றாள்.

"வாணாய்யா. அடுத்த வருசம் எறங்கிக்கலாம்."

"காப்ப அவுத்தா, குடிச்சிட்டான்னு ஊரே சிரிக்கும். நான் போறேன்."

எதற்கும் இருக்கட்டும் என்று புட்டியை மடியில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயில் திடலில் நெருப்பு தகதகத்தது. மற்றவர்கள் விறுவிறுவென்று கடந்தார்கள். பாதி தூரத்தில் சக்கரபாணியின் கால் பின்னியது. முட்டி போட்டு விழுந்தான். ஐயோ! இழுத்துப் போடுவதற்குள் காலெல்லாம் வெந்துவிட்டது.

"காப்போட குடிச்சிட்டு எறங்கனா ஆத்தா வுடுவாளா?" கூட்டத்தில் கண்ணையன் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

கெங்கம்மாள் குனிந்து புருஷன் வாயை மோந்து பார்த்தாள். வெறும் பட்டினி வாடை.

"நான் குடிக்கலடி, கெங்கா."

"தெரியும்யா. பாவி நான், எனக்குத் தெரியும்."

அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் மடியிலிருந்த புட்டியைத் திறந்தாள். ஸ்பிரிட் வாடை சுற்றிலும் பரவியது.

"பாத்தீங்களா! அடிக்குதே வாடை!" என்றான் கண்ணையன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, அவன் வாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

"முழுங்குய்யா. என் ராசா, முழுங்கு."