முன்னால் இரண்டு புது டயர்

1

இந்தக் கதை கார் பழுதுபார்க்கக் கற்கும் என் மாலை வகுப்பு நோட்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் ஆசிரியர், தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கிற வகைக் காரின் கிளட்ச் ஒன்றை மேசைமேல் பிரித்து வைத்தார். எண்ணெயில் நனைந்த மெல்லிய தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. சாதாரணமாக முன்சக்கரங்கள்தான் காரை இழுக்கும். அவை வழுக்கினால், நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஓயாமல் கவனிக்கும் சிறு கணினி இந்தத் தட்டுகளை இறுக்கும். விசை பின்சக்கரங்களுக்கும் போகும். ஓட்டுபவர் ‘ஐயோ’ என்று வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எனக்குப் புல்லரித்தது. (புல்லரிப்பைக் கதையாக்க முடியுமா? தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்த…’ வேண்டாம். எல்லாக் கதையிலும் கொட்டுகிறது.

இரண்டாவது: ஒரு மெக்கானிக்கின் அக்கா, மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். நேற்று ஈரமான ஏற்றத்தில் முன்சக்கரங்கள் வெறுமனே சுழல, அவள் கார் பின்னோக்கிச் சரிந்து ஒரு மதிலை ஒட்டி நின்றது. இன்று காலை தம்பியின் பட்டறைக்கு வந்தாள்.

“ஏதோ விளக்கு எரிஞ்சுதுடா. பதட்டத்துல நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல.”

“நீ ஒண்ணும் அமுக்கியிருக்க மாட்டக்கா.”

“கூட உக்காந்திருந்தியா நீ? மேட்டு ரவுண்டு இனி வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன்.”

“கிழவி மாதிரி பேசாத.”

“கிழவின்னே வச்சுக்கோ. சாவியப் பிடி.”

3

அவன் குனிந்து பார்த்தான். போன மாதம் முன் டயர்கள் இரண்டை மட்டும் மாற்றியது அவன்தான். ‘பின்னாடி இருக்கறது இன்னும் ஒரு வருஷம் தாங்கும்’ என்று சொன்னதும் அவன்தான். தேய்ந்த டயர் சற்றுச் சிறியது. அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். கணினி அதை வழுக்கல் என்று நம்பி, நேரான சாலையிலும் தட்டுகளை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.* ஓயாமல் உரசிக் கொதித்துப்போன தட்டுகளைக் காப்பாற்ற, ஏற்றத்தில் பின்சக்கரங்களைக் கைவிட்டுவிட்டது. விளக்கு சொன்னது அதைத்தான்.

* அந்தத் தேய்மானம் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. அதையும் உணர்கிற ஒன்றின் முன்னால் கைகட்டி நிற்கிறேன்.

4

முடிவு ஒன்று: வாயே திறக்காமல் நான்கு டயரையும் ஒன்றுபோல மாற்றிவிடுகிறான். கார் சரியாகிறது. அக்கா சரியாகவில்லை. (இதை எழுதும்போதே அவனைப் பிடிக்காமல் போயிற்று.)

முடிவு இரண்டு: சொல்கிறான், அவள் சிரித்து… இல்லை. மதிலை ஒட்டி நின்றவள் அவ்வளவு சுலபமாகச் சிரிப்பாளா?

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து எழுதுகிறாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கிறான்.

“அக்கா, பேனாவக் கீழ வை.”

“ஏன்டா?”

அடுத்த வரி அவனுடையது. நான்கு விதமாக எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். அவள் கையெழுத்துப் போடுவதற்குள்.